மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்: புதுச்சேரி, கடலூர் யோகா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள யோகா ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காலாப்பட்டு முதல் கடலூர் முதுநகர் வரை மொட்டை மாடியிலும் கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் கடற்கரை மணலிலும் பாய் விரித்துச் சொல்லிக்கொடுக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருத்தி. யோக சிகிச்சையில் பட்டயம் படித்தவள். வாரத்தில் சில நாள் ஒரு மனநல மருத்துவரின் புறநோயாளிப் பிரிவில், அவர் அனுப்பி வைக்கிறவர்களோடு உட்காருகிறேன். மற்ற நாள்களில் ஊருக்குள் வகுப்பு. யோகா வகுப்பிலிருந்து மருத்துவரிடம் போகிறவர்களையும், மருத்துவரிடமிருந்து யோகாவுக்கு வருகிறவர்களையும் ஒருசேரப் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கல்லூரியில் படிக்கிற பையன். இருதுருவ மனநிலைக் கோளாறு, அதாவது ஒரு காலம் அளவு மீறிய உற்சாகம், ஒரு காலம் கடும் சோர்வு என்று மாறுகிற நோய் என்று கண்டறிந்து, அதற்கான மருந்தான லித்தியம் கொடுத்திருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவன். மனசுக்கு நல்லது என்று வீட்டில்தான் ஒரு யோகா வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே, “இந்த மாத்திரையெல்லாம் மூளையை மழுங்கடிச்சிரும், ஒரு மண்டலம் எங்கூட இரு, தூக்கிப் போட்டுடலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். விடிய நாலு மணிக்கு எழுந்து கபாலபாதி, அதற்கு மேல் பஸ்திரிகா என்று வேகமான மூச்சுப் பயிற்சிகள், உப்பில்லாச் சாப்பாடு. மண்டலம் முடிவதற்குள் பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. ராப்பகலாகப் பேச்சு. அப்பாவின் கார்டைத் தேய்த்துக் கண்டதையும் வாங்கிக் குவித்திருக்கிறான். கடைசியில் மருத்துவமனையில் சேர்த்து, அந்த ஆண்டுப் படிப்பு போனது. அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: “யோகா நல்லதுன்னுதானே மேடம் எல்லாரும் சொன்னாங்க?”

நல்லதுதான். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் அந்த வகுப்பில் நடந்தது யோக சிகிச்சை இல்லை. எந்த வகுப்பு, யார் நடத்துவது என்று நான் எழுதப் போவதில்லை. அது ஒரே ஒரு வகுப்பில் மட்டும் நடந்த விஷயமாக இருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

லித்தியத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். லித்தியமும் சோடியமும் சிறுநீரகத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடத்தப்படுகின்றன. உணவில் உப்பு குறைந்தாலோ, வியர்த்துத் தண்ணீர் வற்றினாலோ, சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அதன் அளவு ஏறும். கை நடுக்கம், வாந்தி, பேதி, நடை தள்ளாட்டம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே உப்பில்லாப் பத்தியம், நீண்ட உபவாசம், கத்திரி வெயிலில் வியர்க்க வியர்க்கச் சூரிய நமஸ்காரம், உப்புத் தண்ணீர் குடித்து வயிற்றைக் கழுவும் சங்கப் பிரக்ஷாளனம், வாந்தி எடுக்க வைக்கும் வமன தௌதி எதையும் லித்தியம் சாப்பிடுகிறவருக்கு மருத்துவரைக் கேட்காமல் சொல்லித்தரக் கூடாது. அந்தப் பையன் மாத்திரையை நிறுத்தினான், நோய் திரும்பியது. நிறுத்தாமல் உப்பை மட்டும் விட்டிருந்தால் வேறு வழியில் ஆபத்து வந்திருக்கும்.

விடியற்காலையில் எழுப்புவதும் அவனுக்கு ஆகாது. இந்த நோய் உள்ளவர்களுக்குத் தூக்கம் குறைவதே மனம் எல்லை மீறி எழும்பக் காரணமாகிவிடும். வேகமான மூச்சுப் பயிற்சிகள் உடம்பைத் தட்டி எழுப்புகிறவை. சோம்பிக் கிடக்கிற ஆரோக்கியமான ஆளுக்கு அது நல்லது. திடீரென்று பெரும் பயம் பிடித்துக்கொள்ளும் பீதித் தாக்கம் வருகிறவருக்குக் கபாலபாதி கொடுத்தால் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரத்து, தலை லேசாகி, நெஞ்சு படபடக்கும். அவருக்கு அது அப்படியே அந்தப் பீதி திரும்ப வந்ததாகத் தெரியும். அப்புறம் பாய் பக்கமே வர மாட்டார்.

மற்ற மாத்திரைகளும் அப்படித்தான். மாதக்கணக்கில் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி ஒரு உணர்வு. மனநோய்க்கான பல மருந்துகள் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். குனிந்து பாதத்தைத் தொடும் பாத ஹஸ்தாசனத்திலிருந்து விறுவிறுவென்று நிமிரச் சொன்னால் ஆள் விழுந்துவிடுவார். மாத்திரையின் அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் அதை எழுதிக் கொடுத்தவரின் வேலை. அதில் நமக்கு ஒரு வேலை உண்டு. “நல்லாத் தூங்குறேன், மாத்திரை கொறைக்கலாமா?” என்று அவர் நம்மிடம் கேட்டால், அடுத்த முறை டாக்டரிடம் அதைக் கேட்கச் சொல்லி, தூக்கம் எத்தனை மணி நேரம், பயிற்சி எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பலாம். நான் அப்படி எழுதி அனுப்பிய தாள்களை மருத்துவர்கள் படிக்கிறார்கள், மதிக்கிறார்கள்.

குடியைப் பற்றியும் ஒன்று. தினம் குடித்தவர் நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததைப் பார்த்துப் பேசினால் அவரைச் சவாசனத்தில் படுக்க வைக்காதீர்கள். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உடம்பு தேறி வந்த பிறகு, குடிக்கத் தோன்றும் அந்தச் சாயங்கால வேளையைத் தாண்ட நம்மால் நிறையவே உதவ முடியும்.

இனி நம் கையில் இருக்கிற நல்லதைப் பேசுகிறேன். அது சின்ன விஷயம் இல்லை.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், வெளியே விடும்போது குறையும். நிதானமாக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு வந்தால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாக விரியும். உடம்பை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு வேலை செய்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். நம் புதுச்சேரியின் ஆய்வாளர்களே, 2012-இல் வெளியான ஒரு ஆய்வில், ரத்த அழுத்த நோயாளிகள் 22 பேரிடம் சந்திர நாடிப் பிராணாயாமம், அதாவது இடது நாசி வழியாக மட்டும் 27 சுற்று மூச்சு, செய்யவைத்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பும், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் உடனே இறங்கின. உடனடி விளைவுதான், நோய் தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கருவி இல்லாமல், செலவில்லாமல் சில நிமிடத்தில் உடம்பு இறங்கி வருகிறது என்றால், பதறிப்போய் வருகிற மனுஷருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

2010-இல் வெளியான ஒரு ஆய்வு சுனாமியில் தப்பி முகாமில் இருந்த 183 பேரைப் பற்றியது. முகாம் வாரியாக மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும், ஒரு பிரிவுக்கு மூச்சுப் பயிற்சியோடு அந்த நினைவைப் பேசிக் கடக்கும் சிகிச்சை, ஒரு பிரிவு ஆறு வாரம் காத்திருந்தது. மூச்சுப் பயிற்சி பெற்ற இரண்டு பிரிவிலும் அதிர்ச்சியின் பாதிப்பும் சோர்வும் நன்றாகக் குறைந்தன. 2014-இல் அமெரிக்காவில், பெருந்துயரத்துக்குப் பிறகும் விடாமல் துரத்தும் அதிர்ச்சி நோயில் வருடக்கணக்காக இருந்து வேறு சிகிச்சையில் தேறாத 64 பெண்களுக்குப் பத்து வாரம் நடத்திய ஆய்வில், யோகா செய்து கடைசி மதிப்பீட்டில் இருந்த 31 பேரில் 16 பேர் அந்த நோயின் வரையறைக்கு வெளியே வந்தார்கள். சுகாதாரக் கல்வி மட்டும் பெற்ற பிரிவில் 29 பேரில் 6 பேர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2007-இல் மனச்சிதைவு உள்ள 61 பேருக்கு நாலு மாதம் யோகாவையும் உடற்பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். யோகா செய்தவர்களுக்கு முன்னேற்றம் கூடுதல். கவனியுங்கள், அவர்கள் மாத்திரையோடு சேர்த்துத்தான் யோகா செய்தார்கள். நிம்ஹான்ஸ் போன்ற இடத்திலேயே மருந்துக்குத் துணையாக வைத்துத்தான் செய்கிறார்கள் என்றால், மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொல்லும் தைரியம் நமக்கு எங்கிருந்து வருகிறது?

இந்த மண்ணுக்கு யோகம் புதிதில்லை. தில்லையில் பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் கூத்தனின் ஆட்டத்தைக் கண்டதாகச் சொல்லும் மரபு கடலூர் மாவட்டத்துக்கு உரியது. 1910-இல் அரவிந்தர் புதுச்சேரி வந்தார். 1968-இல் சுவாமி கீதானந்தர் இங்கே ஆனந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். அவர் வழியில் வந்த, உடம்பைத் தளர்த்தும் எளிய அசைவுகளான ஜதிகளும், தாள லயத்தோடு மூச்சுவிடும் சாவித்திரி பிராணாயாமமும் நம்மில் பலருக்குக் கைவந்தவை. ஜிப்மரில் 2008-இலும், பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் 2010-இலும் யோக சிகிச்சைக்கென்றே மையங்கள் வந்தன. ஜனவரியில் சுற்றுலாத் துறை சர்வதேச யோகா திருவிழா நடத்துகிறது. அதே ஊரில், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, லட்சம் பேரில் 29.7 பேர் தற்கொலையால் இறந்தார்கள். நாட்டின் சராசரி 12.4. இந்த எண்ணைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 2015-16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் அளவுக்குச் சிகிச்சையே கிடைக்காமல் இருக்கிறார்கள் என்றது.

அந்த 85 பேரில் பலர் நம் வகுப்பில்தான் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் அறை வாசலில் உட்கார்ந்தால் தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று கூசுகிறவர்கள், “முதுகு வலிக்கு யோகா போறேன்” என்று சொல்லிக்கொண்டு நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் முதலில் தட்டுகிற கதவு நாம். நம்மை நம்பி வருகிறவரைக் கேட்டு, புரிந்துகொண்டு, தேவைப்பட்டால் கையைப் பிடித்து அடுத்த இடத்துக்கு அழைத்துப் போவதுதான் நம் முதல் வேலை. ஆசனம் சொல்லித்தருவதெல்லாம் அதற்குப் பிறகு.

வீராம்பட்டினத்துக்கும் தாழங்குடாவுக்கும் நடுவில் ஒரு குப்பம். பெயர் வேண்டாம். அங்கே மாலை வகுப்புக்கு ஒரு அக்கா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மீன் வியாபாரம். எல்லோரும் சவாசனத்தில் படுத்தபோது அவர் மட்டும் படுக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தூணோரமாக நின்றார். பக்கத்தில் போய்க் கேட்டேன். “படுக்கச் சொல்லாத டீச்சர். கண்ண மூடுனா தண்ணி வர்ற சத்தம் கேக்குது.” 2004 டிசம்பர் 26-இல் சுனாமிக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தவர். 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மழை கொட்டியதே, அந்த ராத்திரிக்குப் பிறகு எல்லாம் திரும்ப வந்துவிட்டது என்றார். இருபது வருஷத்துக்கு முந்தைய தண்ணீர்.

அவருக்கு நான் ஆசனம் எதுவும் சொல்லித்தரவில்லை. வாசல் படியில், சுவரில் முதுகு படும்படி உட்காரச் சொன்னேன். பின்னால் சுவர் இருக்கிறது என்று முதுகுக்குத் தெரிவதே அவருக்குப் பெரிய விஷயம். கண் திறந்தே இருக்கட்டும், எதிரே நிற்கும் வேப்பமரத்தைப் பாருங்கள், குதிகால் தரையை அழுத்துவது தெரிகிறதா என்று கேட்டேன். மூச்சை எண்ணச் சொன்னேன், அதுவும் விடுகிற மூச்சை மட்டும். அவர் ஒன்று என்று சொல்ல மாட்டார். வியாபாரப் பழக்கம், “லாபம்” என்றுதான் தொடங்குவார். லாபம், ரெண்டு, மூணு, நாலு. முதல் நாள் நாலோடு நின்றது. அது போதும் என்று விட்டுவிட்டேன். போகப் போக எண்ணிக்கை தானாக நீண்டது. பிறகு வாயை மூடி ‘ம்ம்’ என்று ரீங்காரம். பிரமரி என்று பெயர் சொல்லவில்லை, காதைப் பொத்தவும் சொல்லவில்லை. காதைப் பொத்தினால் அவருக்கு அந்தச் சத்தம் உள்ளே பெருகும்.

சில வாரம் கழித்து, பேச்சோடு பேச்சாக, “என்னால முடிஞ்சது இவ்ளோதான்கா, இதுக்குன்னே படிச்ச டாக்டர் இருக்காரு, நானும் கூட வர்றேன்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “முட்டி வலிக்கு வந்தேன்னு ஊருல சொல்லிக்கலாம்ல?” என்று கேட்டார். தாராளமாகச் சொல்லிக்கலாம் என்றேன். இப்போது மாத்திரையும் எடுக்கிறார், படியில் உட்கார்ந்து எண்ணவும் செய்கிறார். இரண்டில் எது வேலை செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் சேர்ந்துதான் அவரைத் தூங்க வைக்கின்றன.

இதிலிருந்து நம் வகுப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை நிறைய. கண்ணை மூடச் சொல்வது எல்லோருக்கும் அமைதி தராது. “விருப்பம் இருந்தா மூடுங்க, இல்லன்னா தரையப் பாருங்க” என்று சொல்லப் பழகலாம். தொட்டுத் திருத்துவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும். பெண்கள் வகுப்பில் பெண் ஆசிரியரே ஆனாலும் கேட்க வேண்டும். பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடுகிறவர்கள் நம் வகுப்பில் இருக்கிறார்கள், ஏன் என்று அவர்கள் நம்மிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கதவை முழுக்கச் சாத்தாதீர்கள். நடுவில் எழுந்து போக யாருக்கும் உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓம் சொல்ல விருப்பமில்லாத கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வந்தால் ‘ம்’ போதும். காதில் இல்லாத குரல் கேட்கிறவரை, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று சொல்கிறவரை, நீண்ட நேரத் தியானத்தில் உட்கார வைக்காதீர்கள். அவருக்கு ஜதிகள், நடை, எளிய நிற்கும் ஆசனங்கள் என்று உடம்போடு இருக்கும் பயிற்சிகள் போதும். அழுகை வந்தால் அழட்டும். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள். “உள்ளே இருக்கிற கெட்டது வெளியே வருது” என்று விளக்கம் கொடுக்க வேண்டாம்.

வகுப்பில் சேர வருகிறவரிடம் நாம் பெயர், வயது, கட்டணம் மூன்றையும்தான் கேட்கிறோம். இன்னும் கொஞ்சம் கேளுங்கள், தனியாகக் கேளுங்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது, பிரசவம் ஆகி எத்தனை மாதம். முகம் வாடியிருந்தால் இதையும் கேளுங்கள்: “செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் பதிலாக வரும், யாராவது கேட்டார்களே என்று. ஆமாம் என்றால் அன்றைக்குப் பிராணாயாமம் கிடையாது. தனியாக விடாதீர்கள். அவர் நம்புகிற ஒருவரை வரவழையுங்கள், வீட்டில் இருக்கும் மருந்து மாத்திரை, பூச்சிமருந்துகளை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணை வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயற்சி செய்தவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதைச் சொல்லுங்கள்.

நம்மிடம் சொன்னது நம்மோடு இருக்கட்டும். “என் வகுப்புக்கு வந்து டிப்ரஷன் போச்சு” என்று ஒரு பெண்ணை நிறுத்தி வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். நாளைக்கு அவளுக்குப் பெண் பார்க்க வருகிற வீட்டார் அதைப் பார்ப்பார்கள். ஏழு நாளில் மனச்சோர்வு தீரும் என்ற விளம்பரப் பலகைகளையும் தயவுசெய்து இறக்குங்கள். எட்டாவது நாள் தீராதபோது, யோகாவாலேயே முடியவில்லை, இனி எதனால் முடியும் என்று அந்த ஆள் நினைத்துவிடுகிறார். அதைவிட ஆபத்தான எண்ணம் அவருக்கு வேறு இல்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வகுப்புகள் காலை ஆறு மணிக்கு. மீன்காரம்மா அந்நேரம் ஏலத்தில் நிற்பார். வீட்டு வேலைக்குப் போகிறவர் முதல் வீட்டில் பாத்திரம் துலக்குவார். முந்திரித் தோப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் வேனில் ஏறியிருப்பார்கள். கடற்கரைச் சாலையில் காலை வகுப்புக்கு வருகிறவர்களையும் நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்களுக்கும் கவலைகள் உண்டு. ஆனால் கடலோரக் குப்பத்திலும், தானே புயலில் பலா மரத்தைப் பறிகொடுத்த பண்ருட்டிப் பக்கத்திலும், 2015 வெள்ளம் புகுந்த ஊர்களிலும், ஃபெஞ்சலின்போது தென்பெண்ணை கரை புரண்ட கிராமங்களிலும் மதியம் மூணு மணிக்குத்தான் பெண்கள் கொஞ்சம் உட்காருகிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிற ஊர்கள் அவை. ஐப்பசி பிறந்தால் தூக்கம் குறைகிறது என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்!

ஆண்கள் வருவதில்லை என்பது நம் எல்லோருடைய குறை. எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள். வருமானம் இல்லை, கடன் கேட்டு ஆள் வருகிறது, குடி கூடுகிறது, வீட்டில் சண்டை கூடுகிறது. நாம் ஜூன் 21 யோகா தினத்துக்கு மேடை போட்டு எல்லோரையும் அழைக்கும்போது தடை முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், அவர்கள் கடலில் இருப்பார்கள். உடம்பும் மனமும் தவிக்கிற அந்த இரண்டு மாதத்தில் நாம் போக வேண்டும். வலை பின்னுகிற கொட்டகையிலேயே உட்காரலாம். ஆசனம் என்று தொடங்காதீர்கள், சிரிப்பார்கள். தோளும் இடுப்பும் பிடித்துப் போயிருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். மூச்சுக்குத் தானாக வந்து சேரலாம். மூச்சடக்கி முத்துக்குளிக்கிற பரம்பரை என்று ஒரு பெரியவர் என்னிடம் பெருமையடித்தார். அவரிடம் விடுகிற மூச்சு எவ்வளவு நேரம் போகும் என்று பந்தயம் வைத்துத்தான் நான் தொடங்கினேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்க வேண்டாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அரசுகளிடம் கேட்க வேண்டியதும் உண்டு. ஆயுஷ் நலவாழ்வு மையங்களில் பகுதி நேர யோகா பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சி கொடுத்து, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களோடு மாதம் ஒருமுறை உட்கார வைத்தால் போதும், இரண்டு பக்கமும் ஆள் அனுப்பிக்கொள்ளும் வழி பிறக்கும். தமிழகப் பக்கம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கிற பெண்கள், தூக்கத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். இதை நாம் எல்லோரும் கையெழுத்திட்டுக் கேட்டால் கேட்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்வதை நாம் முதலில் நிறுத்திவிட்டுத்தான் அதைக் கேட்க முடியும். ஒரு மனநல மருத்துவர் நம்மிடம் ஆளை அனுப்பத் தயங்குவதற்கு அந்த ஒரு காரணமே போதும். அந்தப் பையனைப் பார்த்த பிறகு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தடைக்காலம் தொடங்குமுன் நம்மில் விருப்பமுள்ளவர்கள் ஒருநாள் கூடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரியாங்குப்பத்தில் இடத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். ஒரு மனநல மருத்துவரும் ஒரு மருந்தாளுநரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எந்த மாத்திரைக்கு எந்தப் பயிற்சி ஆகாது என்று உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வகுப்பில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் யார், என்ன மாத்திரை என்று அதற்குள் கேட்டு வையுங்கள். பெயர் வேண்டாம், மருந்தின் பெயர் மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தக் குப்பத்துக்கு யார், எத்தனை மணிக்கு என்பதையும் அன்றே பிரித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் சக ஆசிரியை,
அரியாங்குப்பம், புதுச்சேரி